ஃபயர் செக்ஷன்

என் வீட்டுக்காரரை எங்கள் தெருவில் பீரங்கி என்றுதான் சொல்வார்கள். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் பக்கத்து வீட்டு டீச்சரே கொஞ்சம் யோசிப்பார். பீரங்கி வீடு என்று கேட்டால் தெருமுனையில் விளையாடுகிற பிள்ளைகளே கூட்டிவந்து வாசலில் விட்டுவிடும்.

அந்தப் பெயரை வைத்தது என் அண்ணன். என்னைப் பார்க்க அவர் வந்த அன்றே வைத்துவிட்டான். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் பட்டாளத்திலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தார். கழுத்துப் பட்டன் வரை போட்டுக்கொண்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார், யாராவது எழுந்திரு என்றால் உடனே எழுந்துவிடுகிற மாதிரி.

"பட்டாளத்துல என்ன வேலைங்க?" என்று அண்ணன் கேட்டான்.

"ஃபயர் செக்ஷன்."

"ஃபயரா? அப்ப பீரங்கியா!"

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அண்ணன் உள்ளே திரும்பி, "அம்மா, மாப்பிள்ளை பீரங்கி சுடறவராம்!" என்று கத்திவிட்டான். அவர் திறந்த வாயை மூடாமல் கையிலிருந்த டீயை எடுத்துக் குடித்தார். எங்கள் கல்யாணம் அந்த ஒரு வாய் டீயில் முடிவானது.

அண்ணனுக்குப் பஞ்சர் கடை. கடையில் கூட்டம் இருந்தால் அவரை ஸ்டூல் போட்டு உட்கார வைத்துக்கொள்வான். "இவர்தான் நம்ம மாப்பிள்ளை. பீரங்கி. கேளுங்க, எதை வேணா கேளுங்க" என்பான். டயருக்குக் காற்றடிக்க வந்தவர்கள் கேட்பார்கள்.

"சுட்டா எவ்வளவு தூரம் சார் போகும்?"

"அது காத்தைப் பொறுத்தது" என்பார் அவர்.

"பாத்தியா, பாத்தியா, எப்படி அளந்து பேசறாரு பாரு!" என்று அண்ணன் தொடையில் தட்டிக்கொள்வான். அவன் டியூபை ஒட்டச் சூடு காட்ட ஆரம்பித்ததும் இவர் எழுந்து சாலைக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொள்வார். ரப்பர் வாசனை ஒத்துக்கொள்ளாது என்று நாங்களே சொல்லிக்கொண்டோம்.

பட்டாளத்துக்காரர் என்பதால் ஒரு வங்கியில் காவல் வேலை கிடைத்தது. கையில் இரட்டைக் குழல் துப்பாக்கி கொடுத்தார்கள். ஒரு நாள் சாப்பாடு கொண்டுபோனபோது தூரத்திலிருந்து பார்த்தேன். வெயிலுக்கு மடக்கி வைத்த குடையைப் பிடித்திருப்பது போலப் பிடித்திருந்தார். பெரிய பீரங்கியைப் பார்த்தவருக்கு இது என்ன தூசு என்று நினைத்துக்கொண்டேன்.

நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. பள்ளிக்கூடத்தைச் சீக்கிரம் விட்டுவிட்டு, தையல் கடைக்குக் காஜா எடுத்துக் கொடுத்து வந்தவள். குனிந்த தலையோடு இருக்கிறவர்களுக்கு மற்றவர்களின் கையும் காலும்தான் அதிகம் கண்ணில் படும். அப்படி நான் அவரிடம் பார்த்து வைத்தவை கொஞ்சம் உண்டு. கொசுவர்த்தி கொளுத்தக்கூட விரலை நாக்கில் தொட்டுத் தூக்கிக் காற்று எந்தப் பக்கம் என்று பார்ப்பார். வாசலில் சருகை எரித்தால், "அந்தப் பக்கம் நிக்காத, இங்க வா" என்று என் கையைப் பிடித்து இழுப்பார். பெரிய பாத்திரத்தில் நீளக் கரண்டி போட்டு நான் கிளறினால் எழுந்து வெளியே போய்விடுவார். கை கழுவினார் என்றால் லேசில் முடியாது. எங்கள் வீட்டில் எது தீர்கிறதோ இல்லையோ சோப்பு தீர்ந்துவிடும். இதையெல்லாம் நான் பீரங்கிக்காரர் பழக்கம் என்றே எடுத்துக்கொண்டேன். காற்றைப் பார்த்துத்தானே குறி வைப்பார்கள் என்று டீச்சரிடம் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன்.

இன்னொன்றும் பார்த்தேன். யாராவது பீரங்கி என்று கூப்பிட்டால் அவர் இமை கொஞ்சம் தாழும். அதை அடக்கம் என்று நினைத்தேன்.

எங்கள் மகளைக் கட்டிக்கொடுத்தபோதும் அந்தப் பெயர் கூடவே வந்தது. சம்பந்தி வீட்டில் முதல் பேச்சே அதுதான்.

மூச்சு வாங்க ஆரம்பித்தது அதற்குப் பிறகு. முதலில் வங்கிப் படி ஏறினால் வாங்கியது. அப்புறம் நின்றாலே வாங்கியது. மேனேஜர் நல்ல மனிதர், "போய் உடம்பைப் பாருங்க" என்று துப்பாக்கியை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார். நெஞ்சு டாக்டரிடம் போனோம். அவர் எக்ஸ்ரே படத்தை விளக்கில் வைத்துப் பார்த்தார்.

"எத்தனை வருஷமா சிகரெட்?"

"பிடிச்சதே இல்லைங்க."

"அம்மா இருக்காங்கன்னு பயப்படாதீங்க. நான் காட்டிக்கொடுக்க மாட்டேன்."

நான் தலையாட்டினேன், இல்லை என்று. டாக்டர் மறுபடி படத்தைப் பார்த்தார். "இது புகை தின்ன நுரையீரல். ஒண்ணு ரெண்டு நாள் புகை இல்ல. எங்க வேலை செஞ்சீங்க?"

அவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பட்டாளத்தில் என்று நான்தான் சொன்னேன்.

டாக்டர் விளக்கமாகச் சொன்னார். பட்டாளத்தில் இருந்தபோது கெட்ட புகை, கெட்ட மருந்து என்று பட்டு உடம்பு கெட்டவர்களுக்கு உதவி உண்டு. மனு போட்டு, அந்த வேலையால்தான் இந்த நோய் என்று பட்டாளத்தார் ஒத்துக்கொண்டால், பட்டாள ஆஸ்பத்திரியில் கடைசி வரை வைத்தியம். வீட்டுக்கே ஒரு மெஷின் தருவார்கள், அறைக் காற்றிலிருந்தே ஆக்சிஜன் எடுத்துக் கொடுக்கும். "இப்படி வாடகை சிலிண்டரை நம்பி இருக்காதீங்க. ஒரு நாள் வண்டி வரலன்னா என்ன பண்ணுவீங்க?" என்றார்.

சிலிண்டர் பொறுப்பை அண்ணன் எடுத்துக்கொண்டிருந்தான். தீர்ந்ததைத் தன் வண்டியில் போட்டுக்கொண்டு போய் நிறைந்ததைக் கொண்டுவருவான். குமிழைத் திருகி, காதை வைத்துக் கேட்டு, "சரியா வருது" என்பான். "ஊருக்கெல்லாம் காத்தடிக்கிறேன், மாப்பிள்ளைக்கு அடிக்க மாட்டேனா?"

மனுப் போட முன்னாள் பட்டாளத்தார் அலுவலகத்துக்கும் அவன்தான் கூட்டிப்போனான். மேசைக்குப் பின்னால் இருந்த கிளார்க் அம்மா கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார்.

"சர்வீஸ்ல என்ன டியூட்டி?"

"ஃபயர் செக்ஷன்" என்றார் இவர், தரையைப் பார்த்து.

"பீரங்கி மேடம்!" என்றான் அண்ணன். "சுட்டா குறி தப்பாது."

கிளார்க் அம்மா சிரித்துக்கொண்டே எழுதினார். இவர் வீட்டுக்கு வரும்வரை கண்ணை மூடியே இருந்தார்.

கொஞ்ச நாள் கழித்து ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லி அழைப்பு வந்தது. நெஞ்சைப் பார்க்கப் போகிறார்கள் என்று போனால், காதைப் பார்க்கிற அறையில் உட்கார வைத்தார்கள். பீரங்கிக்காரர்களுக்குக் காதுதான் கெடுமாம். காதில் மூடி மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்கள். அவர் தூக்கிக்கொண்டே இருந்தார். எனக்குக் கேட்காத சத்தத்துக்கெல்லாம் தூக்கினார். சோதனை செய்த பெண்ணுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"என்ன சார் இது, பாம்புக் காதா இருக்கு! பீரங்கி பக்கத்துல நின்னவருன்னா யாரும் நம்ப மாட்டாங்க."

அண்ணன் பெருமையாகச் சிரித்தான். நான் அவரைப் பார்த்தேன். காதுமூடியைக் கழற்றிக் கையில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். கன்னம் ஒரு மாதிரி கறுத்திருந்தது. தப்பே செய்யாமல் மாட்டிக்கொண்டவர் முகம் வேறு மாதிரி இருக்கும். எனக்கு முதல் தடவையாகச் சந்தேகம் வந்தது.

மனு தள்ளுபடி ஆனது. காதில் குறையில்லை, நுரையீரலுக்கும் பீரங்கிக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிவிட்டார்கள். கிளார்க் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அப்பீல் பண்ணலாம்மா. கூட வேலை செஞ்சவங்க யாராவது எழுதிக் கொடுத்தா நல்லது. யாரும் இல்லையா?"

"யாரும் இல்ல" என்றார் இவர், நான் வீட்டில் வந்து கேட்டபோது.

ஆனால் எப்போதாவது ஒருவர் போன் செய்வார். வாளி என்று பேர் வரும். இவர் போனை எடுத்துக்கொண்டு வாசல் தாண்டிப் போய்விடுவார். பேசி முடித்து உள்ளே வரும்போது முகத்தில் சிரிப்பின் மிச்சம் இருக்கும். அந்தச் சிரிப்பை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

அவர் தூங்கிய ஒரு மத்தியானம் அந்த எண்ணைக் கூப்பிட்டேன். முன்பின் தெரியாத ஆம்பிளைக்கு நானாகப் போன் செய்தது அதுதான் முதல் தடவை.

"யாரு? யாரு பேசறது?"

"அவங்க வீட்ல பேசறேண்ணா."

"அட, தங்கச்சியா! என்ன சொல்றான் நம்ம ஆளு?"

"மூச்சு முடியலண்ணா."

அந்தப் பக்கம் அவர் இருமினார், நிறுத்த முடியாத இருமல். "அவனுக்குமா?" என்றார்.

மனு, காது, பீரங்கி என்று எல்லாவற்றையும் கோர்வையில்லாமல் சொன்னேன்.

"எது, பீரங்கியா?" என்றார். "அவன் பீரங்கிய பாத்திருப்பான் தங்கச்சி, தூரத்துல போகும்போது. நாங்க ஃபயர் செக்ஷன்மா. எங்க ஃபயர் சுடறது இல்ல. கொளுத்தறது."

"எதைண்ணா?"

"கேம்ப்ல எதெல்லாம் வேண்டாமோ அதை. டயரு, பாட்டரி, பெயிண்ட் டப்பா, பிளாஸ்டிக்கு, ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி. பெரிய குழி. அது அணைஞ்சு நான் பாத்ததே இல்ல. அப்புறம்..." நிறுத்திவிட்டார். "அவன் ஒண்ணும் சொன்னதில்லையா?"

"இல்லண்ணா."

"அப்ப நான் சொல்றது முறையில்ல."

"சொல்லுங்கண்ணா. டாக்டருக்குத் தெரியணும்."

மூச்சை இழுத்துவிட்டுச் சொன்னார். "அங்க தண்ணி கிடையாதும்மா. கக்கூசுக்கு அடியில பாதி டிரம்மு வெச்சிருக்கும். காலையில அதை இழுத்துட்டு வர்றது நான். அதான் எனக்கு வாளின்னு பேரு. டீசலை ஊத்திக் கொளுத்துவோம். அது சும்மா எரியாது. கம்பியப் போட்டுக் கிண்டிக்கிட்டே இருக்கணும். கிண்டறது உங்க வீட்டுக்காரரு."

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"அங்க என்னன்னு கூப்பிடறாங்க, பீரங்கின்னா?"

"ஆமாண்ணா."

"முதல் எழுத்து சரியாத்தான் வெச்சிருக்காங்க" என்று சொல்லிச் சிரித்தார்.

எனக்கும் குபுக்கென்று சிரிப்பு வந்துவிட்டது. வந்தபிறகுதான் யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று உறைத்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

எழுதிக் கொடுக்க ஒத்துக்கொண்டார். "நீங்களும் மனு போடலாமேண்ணா" என்றேன். "எங்க வீட்லயும் யாருக்கும் தெரியாது தங்கச்சி. என்னை சமையல் செக்ஷன்னு சொல்லி வெச்சிருக்கேன்" என்றார்.

சாயங்காலம் டீ போட்டேன். இரண்டு டம்ளரையும் அவரே எடுத்து வந்து ஒன்றை என்னிடம் நீட்டினார். நான் வாங்குவதற்கு முன்னால் அவர் விரல்களைப் பார்த்துவிட்டேன். பார்க்க வேண்டும் என்று பார்க்கவில்லை. கண் அங்கே போய்விட்டது. ஒரு இமைப்புதான். ஆனால் அவர் பாம்புக் காது மட்டும் உள்ளவர் இல்லை, கண்ணும் கூர்மை. டம்ளரை என் பக்கத்தில் தரையில் வைத்துவிட்டு, மூக்குக் குழாயோடு எட்டின மட்டும் நடந்து போய், குழாயடியில் கை கழுவ ஆரம்பித்தார்.

"வாளி பேசினானா?" என்றார், தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவில்.

"நான்தான் பேசினேன்."

சோப்பை எடுத்தார். நெடுநேரம் தேய்த்தார். தேய்க்காதீங்க என்று எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. அந்த டீயை நான் குடித்தேன், ஒரு சொட்டு விடாமல். ஆறிப்போயிருந்தது. அதை அவர் பார்க்க வேண்டும் என்றுதான் குடித்தேன் என்பது அவருக்கும் தெரிந்திருக்கும்.

"மனு வேண்டாம்" என்றார்.

"மூச்சுக்கு?"

"சிலிண்டர் இருக்குல்ல."

"அதை நம்பி எவ்வளவு நாள் இருக்கறது?"

"உங்கண்ணன் எத்தனை பேர்கிட்ட சொல்லியிருக்காரு? சம்பந்தி வீட்ல என்ன சொல்வாங்க? பொண்ணு மூஞ்சிய எங்க வெச்சுக்கும்?" மூச்சு வாங்க நிறுத்தினார். "நான் பொய் சொல்லல. ஒரு தடவகூட என் வாயால பீரங்கின்னு சொன்னதில்ல. நீ வேணா யோசிச்சுப் பாரு."

யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். இத்தனை காலத்தில் அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்ததே இல்லை.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லத்தான் வாயத் திறந்தேன்." கையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "சொல்லியிருந்தா நீ வந்திருப்பியா?"

வந்திருப்பேன் என்று சொன்னேன். ஆனால் உடனே சொல்லவில்லை. நடுவில் கொஞ்சம் இடைவெளி விழுந்துவிட்டது. அதற்கப்புறம் அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை.

டாக்டர் சொன்ன மாதிரியே ஒரு நாள் கிடங்குக்குச் சிலிண்டர் வண்டி வரவில்லை. அண்ணன் வீட்டுக்கும் கிடங்குக்கும் அலைந்தான். மத்தியானத்துக்குள் இவர் கட்டிலில் உட்கார முடியாமல் தரையில் கையூன்றிக் குனிந்துவிட்டார். உதடு நீலம் பாரித்தது. அண்ணன் ஓடினான். அவன் கடைக்கு அடுத்த வெல்டிங் பட்டறையிலிருந்து அங்கே வைத்திருந்த ஆக்சிஜன் சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து இறக்கினான். குழாயை மாட்டிக் குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தான். "மாப்பிள்ளை, கண்ணைத் திறங்க. ஏ பீரங்கி, என்னைப் பாருங்க மாப்பிள்ளை" என்று அவர் கன்னத்தைத் தட்டினான். அவன் கண்ணில் தண்ணீர்.

"பட்டறை சிலிண்டரை மனுஷனுக்கு வெப்பாங்களா?" என்று டாக்டர் பிறகு அண்ணனைத் திட்டினார். இவர் வீட்டுக்கு வந்ததும் என்னிடம் மட்டும், "அப்பீல் போட்ரு. மச்சானுக்குத் தெரிய வேண்டாம்" என்றார்.

வாளி அண்ணன் எழுதிக் கொடுத்தது வந்தது. விசாரணைக்கு வரச் சொன்னார்கள். அலுவலகம் மாடியில். லிஃப்ட் ஓடவில்லை. சிலிண்டரை யார் தூக்குவது?

"அண்ணே, நீ கீழ இரு. நான் பிடிச்சுக்கறேன்" என்றேன்.

"நீயா? அந்தக் குமிழை எந்தப் பக்கம் திருகணும்னு தெரியுமா உனக்கு? தள்ளு."

அவன் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் ஏறினான். இவர் குழாய் நீளத்துக்குப் பின்னால் ஏறினார். அவன் நின்றால் இவர் நிற்க வேண்டும், இவர் நின்றால் அவன் நிற்க வேண்டும். அவனை வெளியே இருக்கச் சொல்ல வழியில்லை. அவன் கையிலிருந்துதான் இவருக்கு மூச்சு.

அறையில் விசாரணைத் தலைவர் ஒருவர், மூக்கு நுனியில் கண்ணாடி. பக்கத்தில் பட்டாள ஆஸ்பத்திரி டாக்டரம்மா. எழுதிக்கொள்ள அதே கிளார்க் அம்மா.

"முதல் மனுவுல ஃபயரிங்னு இருக்கு" என்றார் தலைவர். "உங்ககூட இருந்தவர் கழிவு அகற்றும் வேலைன்னு எழுதியிருக்கார். ரெண்டும் சரியா இருக்க முடியாது. எது உண்மை?"

"சார், அந்த ஆளு யாரோ தப்பா..." என்று ஆரம்பித்தான் அண்ணன்.

"நீங்க பேசக் கூடாது."

இவர் மேசை விளிம்பைப் பார்த்தார். "ஃபயர் செக்ஷன் சார்."

"அதைத்தான் கேக்கறேன். ஃபயர்னா என்ன?"

"கொளுத்தறது சார்."

"எதை?"

"கழிவுங்க சார்."

டாக்டரம்மா மெதுவாகத்தான் கேட்டார். "என்ன கழிவு? ஒவ்வொண்ணுக்கும் புகை வேற. நீங்க தெளிவாச் சொன்னாத்தான் நான் எழுத முடியும்."

சொன்னார். டயர். பாட்டரி. பெயிண்ட். கட்டுத்துணி. ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சை இழுத்தார். அண்ணன் தன்னையறியாமல் குமிழைக் கொஞ்சம் திருகி விட்டான்.

"அப்புறம்?"

அவர் என்னைப் பார்த்தார். நான் பார்த்திருக்க வேண்டும். அன்றைக்கு அந்த அறையில் நான் செய்ய வேண்டியிருந்த ஒரே வேலை அது. நான் என் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பீ சார்" என்றார்.

மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு மேலே சொன்னார்.

"பட்டாளத்தோட பீய எரிச்சேன் சார். டீசல் ஊத்தி, கம்பியால கிண்டிக் கிண்டி எரிச்சேன். காத்து இந்தப் பக்கம் திரும்புச்சுன்னா மூஞ்சியில அடிக்கும். கம்பிய விட்டுட்டு ஓட முடியாது சார். ஓடினா பாதியில அணைஞ்சிடும். மறுபடி மொதல்லருந்து கொளுத்தணும்."

கிளார்க் அம்மாவின் பேனா நின்றிருந்தது. "மனிதக் கழிவு, டீசல் கலந்து எரித்தல்னு எழுதிக்குங்க" என்றார் டாக்டரம்மா.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதை ஆரம்பத்துலயே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருக்கலாம் சார்" என்றார் அவர்.

நான் ஓரக்கண்ணால் அண்ணனைப் பார்த்தேன். முகத்தில் ஈ ஆடவில்லை. கை மட்டும் குமிழை விட்டு எடுபடவில்லை.

இறங்கும்போதும் அதே குழாய், அதே நீளம். அண்ணன் திரும்பிப் பார்க்காமல் இறங்கினான், ஆனால் இவர் நின்ற படியில் எல்லாம் அவனும் நின்றான். வண்டியில் ஒரு வார்த்தை பேசவில்லை. சிக்னலில் நிற்கிற நேரத்தில்கூடப் பக்கத்து வண்டிக்காரரிடம் டயர் பற்றிப் பேசுகிறவன். வீட்டில் சிலிண்டரைக் கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டுக் குழாயடிக்குப் போனான். கை கழுவினான். சோப்புப் போட்டு.

சிலிண்டரில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்திருக்கும். அப்படித்தான் நினைக்கப் பார்த்தேன். கட்டிலிலிருந்து அவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் அண்ணன் சிலிண்டரைக் கொண்டுவந்து வாசலில் இறக்கி, மணியை அடித்துவிட்டுப் போய்விடுவான். நான்தான் உருட்டி உள்ளே கொண்டுபோய்க் குமிழைத் திருகக் கற்றுக்கொண்டேன். இடப் பக்கம் திருக வேண்டும்.

மனு ஏற்கப்பட்டது என்று கிளார்க் அம்மாவே போன் செய்து சொன்னார். மெஷின் வருகிற அன்று மின்சாரப் பிளக்கை மாற்ற ஆள் வேண்டும். வேறு வழியில்லாமல் அண்ணனைக் கூப்பிட்டேன். வந்தான். தலையை நிமிர்த்தாமல் பிளக்கை மாற்றினான். "காரம் கம்மியா சாப்பிடறாரா?" என்று என்னிடம் கேட்டான், அவர் இரண்டடி தூரத்தில் படுத்திருக்கும்போது.

வெளியே வண்டி வந்து நின்றது. மெஷினோடு வந்தவர் நல்ல தொண்டைக்காரர். கையில் இருந்த சீட்டைப் பார்த்து நடுத்தெருவில் நின்று படித்தார். "கழிவு எரிப்புப் பணி, நுரையீரல் பாதிப்பு! அந்தப் பட்டாளத்துக்காரர் வீடு இதுதானேம்மா?"

துணி காயப்போட்டுக்கொண்டிருந்த டீச்சர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். "என்னது? என்ன எரிப்பு?"

நான் வாசலில் நின்றேன். விசாரணை அறையில் அத்தனை பேர் முன்னால் அவர் சொன்னதை, எனக்கு ஒரே ஒரு டீச்சரிடம் சொல்ல முடியவில்லை.

எனக்குப் பின்னாலிருந்து அண்ணன் குரல் வந்தது. "ஃபயர் செக்ஷன் டீச்சர். பட்டாளத்துல அதை அப்படித்தான் எழுதுவாங்க."

"அதானே பாத்தேன். நம்ம பீரங்கியாச்சே!" என்று டீச்சர் துணியை உதறினார்.

எனக்கு அப்பாடா என்று இருந்தது. அப்படி இருந்ததை நினைத்து உடனே கூசியது. உள்ளே அவர் எல்லாவற்றையும் கேட்டிருப்பார். அவர் காதைப் பற்றித்தான் தெரியுமே.

அண்ணனும் மெஷின்காரரும் அதை உள்ளே தள்ளிவந்தார்கள். "எங்க வெக்கட்டும் மாப்பிள்ளை?" என்று அண்ணன் கேட்டான். விசாரணைக்குப் பிறகு அவரிடம் நேராகப் பேசியது அப்போதுதான், அதுவும் மெஷினைப் பார்த்துக்கொண்டு.

அவர் எழுந்து உட்கார்ந்தார். பழக்க தோஷம், விரலை நாக்கில் தொட்டுத் தூக்கினார். ஜன்னலைக் காட்டினார். "அங்க. காத்து உள்பக்கம் வருது."

"இதுக்கு அதெல்லாம் பாக்க வேண்டாம் சார், எங்க வெச்சாலும் ஓடும்" என்றார் மெஷின்காரர்.

அண்ணன் நகரவில்லை. அந்த ஈர விரலையே பார்த்துக்கொண்டு நின்றான். கடையில் ஸ்டூலில் உட்கார வைத்துக் கேட்ட கேள்வியெல்லாம் அவனுக்கு நினைவு வந்திருக்க வேண்டும்.

"காத்தைப் பொறுத்ததுன்னு சொல்வீங்களே" என்றான். "அது இதுதானா?"

"ஆமா மச்சான்" என்றார் அவர், விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு.

அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். சொல்லவில்லை. மெஷினைத் தள்ளிக்கொண்டு போய், அவர் காட்டிய ஜன்னலோரத்தில், அவர் காட்டிய இடத்தில் வைத்தான். குனிந்து குழாயைச் சரிசெய்தான். போகும்போது நான் கொடுத்த டீயைக் குடித்தான். அவர் கட்டிலின் மூலையில், அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குடித்தான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

அண்ணன் அதற்கப்புறம் பீரங்கி என்று சொல்வதில்லை. மாப்பிள்ளை என்பதோடு நிறுத்திக்கொள்கிறான். கடையில் யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் காற்றடிக்கிற மோட்டாரைப் போட்டுவிடுவானாம். தெரு மாறவில்லை. மகள் வீட்டிலும் யாருக்கும் தெரியாது. வாளி அண்ணன் இன்னும் மனுப் போடவில்லை.

புதிதாக வருகிறவர்கள் வாசலில் நின்று, "பீரங்கி வீடு இதுங்களா?" என்று கேட்கிறார்கள். நான் ஆமாம் என்று சொல்கிறேன். சொன்னபிறகு உடனே உள்ளே போக முடிவதில்லை. வாசலில் எதையாவது எடுத்து வைக்கிறேன், துடைப்பத்தைத் தேடுகிறேன், செருப்பை நேர்செய்கிறேன். உள்ளே ஜன்னலோரம் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருக்கிறது.